ஆட்டம் நிற்கும்வரை எண்ணுங்கள்: அந்தமான் தீவுகளில் நிலநடுக்கத்தோடு குடியிருப்பது

அந்தமானுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் கப்பல் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்பார்கள். தண்ணீர் எப்படி வரும், பிள்ளைகளைத் தமிழில் படிக்க வைக்க முடியுமா என்று கேட்பார்கள். நிலநடுக்கத்தைப் பற்றிக் கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வந்து சில மாதங்களில் ஒரு ராத்திரி கட்டில் லேசாக ஆடும், ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் "ராத்திரி ஆடுச்சே, தெரிஞ்சுதா?" என்று கேட்பார். நாலு தடவை இப்படி ஆனதும் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

சின்ன ஆட்டத்துக்குப் பழகிய உடம்பு, பெரிய ஆட்டம் வரும்போதும் "இதோ நின்றுவிடும்" என்று காத்திருக்கும். 2004 டிசம்பர் 26 காலை 6.28 மணிக்குத் தொடங்கிய ஆட்டம் உடனே நிற்கவில்லை. நிமிடக்கணக்கில் நீண்டது. அது நீண்டதே ஒரு செய்தி. அதைப் படிக்கத் தெரிந்திருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தில் வீடு, மளிகை, மருந்துப் பை என்று பலதும் வந்தாலும், ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூமி ஆடத் தொடங்கியதும் வாய்விட்டு நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். இருபதைத் தாண்டினால், கடலோரத் தாழ்நிலத்தில் இருப்பவர் ஆட்டம் அடங்கிய கையோடு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். நிற்க முடியாத அளவுக்கு ஆடினால் இருபதுகூட வேண்டாம். சைரன், போன், டிவி எதற்காகவும் காத்திருக்கக் கூடாது.

ஏன் இருபது என்பதற்குப் பின்னால் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இந்தத் தீவுகளுக்கு மேற்கே கடலடியில் இந்தியத் தட்டு, பர்மாத் தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நுழைகிறது. நுழையும் இடம் வழுக்கிக்கொண்டு போவதில்லை, சிக்கிக்கொள்கிறது. பல நூறு ஆண்டு இழுவை சேர்ந்து ஒருநாள் விட்டுப் போகிறது. அப்படி விடும்போது பிளவு ஒரு முனையில் தொடங்கி, துணி கிழிவதுபோல விநாடிக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சின்னக் கிழிசல் சில விநாடிகளில் முடிந்துவிடும். 2004-ல் சுமத்ராவுக்கு மேற்கே தொடங்கியது வட அந்தமான்வரை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் கிழிந்தது. அதற்கு எட்டு, பத்து நிமிடம் பிடித்தது. நீண்ட நேரம் ஆடினால் நீளமான பிளவு கிழிந்திருக்கிறது, கடலின் அடித்தளம் பெரிதாக அசைந்து சுனாமி எழுந்திருக்கலாம் என்று பொருள். உங்கள் காலடியில் நீங்கள் எண்ணும் எண், ஐதராபாத்தில் இருக்கும் சுனாமி எச்சரிக்கை மையத்துக்குத் தெரியும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்த மண் ஆடிய கதை

தீவுகளின் நிலநடுக்க வரலாறு எழுத்தில் கிடைப்பது குறைவு. 1847 அக்டோபரில் நிக்கோபார்ப் பக்கம் பெரிய அதிர்ச்சி ஒன்று பதிவாகியிருக்கிறது. 1881 டிசம்பர் 31-ல் கார் நிக்கோபார் அருகே வந்தது 7.9 ரிக்டர் அளவு இருக்கும் என்று பிற்கால ஆய்வாளர்கள் கணித்தார்கள். அவர்களால் கணிக்க முடிந்ததற்குக் காரணம், வங்கக் கடலைச் சுற்றித் துறைமுகங்களில் வைத்திருந்த எட்டு கடல்மட்டக் கருவிகள் அன்றைய அலையை வரைந்து வைத்திருந்ததுதான். அலை ஒரு மீட்டரைக்கூட எட்டவில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நிக்கோபாரில் பூமி அசைந்தால் சோழமண்டலக் கரையில் தண்ணீர் எழும் என்பதற்கு எழுத்து ஆதாரம் அன்றே கிடைத்துவிட்டது. 123 ஆண்டு அது காகிதத்திலேயே இருந்தது.

1941 ஜூன் 26-ல் வந்தது அந்தமானையே உலுக்கியது. செல்லுலார் சிறையின் நடுக் கோபுரமும் போர்ட் பிளேரின் செங்கல், கல் கட்டடங்கள் பலவும் சேதமடைந்தன. ஆங்கிலேயர் நிர்வாகம் நடத்திய ராஸ் தீவும் அடிபட்டது. மறு ஆண்டு மார்ச்சில் ஜப்பானியர் வந்திறங்கினார்கள். போர்க் கதைகளுக்கு நடுவே பூகம்பக் கதை மங்கிப்போனது. ராஸ் தீவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஆலமர வேர் கவ்விய சுவர்களைப் படம் பிடிக்கிறார்கள். அந்தத் தீவு பாழானதில் பூகம்பத்துக்கும் பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு அங்கேயே சொல்லுங்கள். வகுப்பறையில் சொல்வதைவிட நன்றாக மனதில் பதியும்.

2002 செப்டம்பர் 14 அதிகாலை திக்லிப்பூர் பக்கம் 6.5 அளவில் ஒன்று வந்தது. இருவர் இறந்தார்கள். நான் இதை முக்கியமாகச் சொல்வது வேறு காரணத்துக்கு. அன்று அங்கே பழைய மரவீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. அக்கறையில்லாமல் எழுப்பிய காங்கிரீட் கட்டடங்கள்தான் விரிசல் விட்டன. காங்கிரீட் வீடு கௌரவம், மரவீடு ஏழ்மை என்று நாம் வைத்திருக்கும் கணக்கைப் பூமி ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்த இரண்டாவது ஆண்டே 2004. அதன் அளவு 9.1. ரிக்டரில் ஒரு எண் ஏறினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு திக்லிப்பூரின் 6.5-ஐ இதன் பக்கத்தில் வையுங்கள். தீவுக் கூட்டமே சாய்ந்தது. வட அந்தமானில் கடலோரம் மேலே எழும்பி, பவளப்பாறைகள் தண்ணீருக்கு வெளியே வந்து செத்தன. தெற்கே கிரேட் நிக்கோபார் அமிழ்ந்தது. இந்திராமுனைக் கலங்கரை விளக்கம் கடல்நீருக்குள் நின்றது. போர்ட் பிளேர்ப் பக்கம் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் இறங்கியது. சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயலுக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. அந்தச் சாலையில் போகும்போது, தலையில்லாத பட்டமரங்கள் தண்ணீருக்குள் வரிசையாக நின்றதைப் பல ஆண்டுகள் பார்த்திருக்கிறோம். வரப்பு இருந்த இடத்தில் மீன் துள்ளியது.

அரசுக் கணக்கில் தீவுகளில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சேர்ந்து 3,500-க்கு மேல். பெரும்பகுதி நிக்கோபாரில். கார் நிக்கோபார் தட்டையான பவளத் தீவு, ஊர்களெல்லாம் கரையோரம், விமானப்படைத் தளமும் கரையோரம். ஆட்டம் அடங்குவதற்குள் கடல் வந்துவிட்டது என்று சொல்லும் அளவுக்கு இடைவெளி குறைவு. கச்சால் தீவும் கடுமையாக அடிபட்டது. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய நம் மக்களில் சில குடும்பங்களை அங்கே ரப்பர்த் தோட்டத்தில்தான் குடியேற்றியிருந்தார்கள். லிட்டில் அந்தமானிலோ ஓங்கே மக்கள், கடல் பின்வாங்கியதைப் பார்த்ததும் மேட்டுக்காட்டுக்குள் ஏறித் தப்பினார்கள். சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவிலும் இதே கதைதான். 1907-ல் சுனாமியால் பட்ட அடியை அவர்கள் "ஸ்மோங்" என்ற ஒரே சொல்லில் அடைத்து, தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளிடம் சேர்த்து வைத்திருந்தார்கள். பல்லாயிரம் பேர் இருந்த அந்தத் தீவில் அலைக்குப் பலியானவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. பாட்டி சொன்னது இருந்தது.

வீடு கட்டும்போது

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2002 வரைபடத்தில் அந்தமான் நிக்கோபார் முழுவதும் ஐந்தாம் மண்டலம். அன்றைய வரைபடத்தில் அதற்கு மேல் மண்டலம் கிடையாது. சென்னை மூன்றாவதில் இருந்தது. ஊரில் வீடு கட்டிய அனுபவத்தோடு வரும் மேஸ்திரி கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் அவர் கை பழகியது வேறு மண்டலத்துக்கு.

முதலில் மனை. வாங்கும் முன் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ஏற்றமாக இருக்கும் நேரம் பார்த்து நேரில் போய் நில்லுங்கள். 2004-க்குப் பிறகு பல இடங்களில் பழைய கரை வேறு, புதிய கரை வேறு. பத்திரத்தில் இருக்கும் நிலத்தில் பாதி அந்த நேரத்தில் நனைந்தால், விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் தெரிந்துவிடும். வயலையோ சதுப்பையோ மண் கொட்டி மேடாக்கிய மனையும் வேண்டாம். ஆட்டத்தில் ஈரமணல் சேறாக இளகிக் கட்டடத்தை உள்ளே வாங்கிவிடும்.

போர்ட் பிளேர் மேடும் பள்ளமுமான ஊர். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிய பிறகும் மேடு மேடாகத்தான் இருக்கிறது. சரிவில் வீடு கட்டும்போது பள்ளப் பக்கத்துத் தூண் பன்னிரண்டு அடி, மேட்டுப் பக்கத்துத் தூண் மூன்றடி என்று அமைந்துவிடும். பார்ப்பவர்களுக்கு உயரமான தூண்தான் ஒடியும் என்று தோன்றும். ஒடிவது குட்டைத் தூண். நெட்டைத் தூண் வளைந்து கொடுக்கும், குட்டைத் தூண் வளையாமல் மொத்த விசையையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். மனையைப் படிபோல வெட்டிச் சமமாக்கித் தூண்களை ஒரே உயரத்தில் நிறுத்துவது நல்லது. முடியாவிட்டால் பொறியாளரிடம் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டு, பதிலை வரைபடத்தில் வாங்குங்கள். கீழ்த்தளத்தைக் கடைக்கோ வண்டி நிறுத்தவோ சுவரில்லாமல் திறந்து விட்டு, மேலே இரண்டு மாடி கனமாக ஏற்றுவதும் இதே வகை ஆபத்து.

இனி கம்பி. இதை நான் சற்று நீட்டித்தான் சொல்வேன். தூணின் நெட்டுக்கம்பிகளைச் சுற்றி ஒரு சதுர வளையம் கட்டுவார்களே, ரிங் என்கிறோமே, நிலநடுக்கத்தில் வீட்டைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அதுதான். ஆட்டத்தில் தூணின் மேல்தோல் காங்கிரீட் உதிர்ந்தாலும் உள்ளே இருப்பதைச் சிதறவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டிய வளையம் அது. ரிங்கின் இரண்டு முனையையும் நேர்க்கோணத்தில், அதாவது தொண்ணூறு பாகையில் மடித்துவிட்டால், தோல் உதிர்ந்ததும் ரிங் வாய் பிளந்துவிடும். 135 பாகைக்கு மடித்து, முனை மூலையிலிருந்து தூணின் வயிற்றுக்குள் 75 மில்லிமீட்டராவது நுழைந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு வேலையில் கம்பி கட்டிய தம்பி, பலகையில் ஆணி அடித்து அதில் ரிங் வளைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, இவ்வளவு உள்ள மடிச்சா காங்கிரீட் இறங்காது" என்றார். நியாயமான கவலைதான். ஜல்லியைச் சிறியதாக்கி, வைப்ரேட்டர் விட்டுக் கொடுக்கலாம் என்று பேசி முடித்தோம். அவருக்கு ஒரு ரிங்குக்குக் கூடுதலாக ஆனது அரை நிமிடம். தூணின் மேல், கீழ் முனைகளில் ஒன்றரை அடி நீளத்துக்காவது ரிங்குகளுக்கு நடுவே இடைவெளி நாலு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தூணும் பீமும் சேரும் முடிச்சுக்குள்ளும் ரிங் போக வேண்டும். அங்கேதான் கட்டக் கஷ்டம், அங்கேதான் விட்டுவிடுவார்கள். காங்கிரீட் போடும் முன்தினம் மாலை போனில் டார்ச் அடித்து ஒவ்வொரு முடிச்சையும் படம் எடுத்து வையுங்கள். போட்ட பிறகு யார் கண்ணுக்கும் தெரியாது.

கடற்கரை மணலைத் தொடாதீர்கள். எவ்வளவு அலசினாலும் உப்பு முழுக்கப் போகாது. கம்பி துருப்பிடித்துப் பருத்து, காங்கிரீட்டைப் பிளந்து வெளியே வரும். பத்து பதினைந்து வருடத்தில் சன்ஷேடு சிதறிய வீடுகளைத் தீவில் எங்கும் பார்க்கலாம். பூகம்பம் வரும் நாளில் அந்தக் கம்பி பாதிதான் கம்பி.

தூண் இல்லாமல் பிளாக் சுவர் மட்டும் எழுப்புகிறவர்கள் அஸ்திவார மட்டம், கதவு ஜன்னல் மேல்மட்டம், கூரை மட்டம் மூன்றிலும் வீட்டைச் சுற்றி அறுபடாத பெல்ட் போடுங்கள். நாலு சுவரையும் ஒரே பெட்டியாகப் பிடித்துவைப்பது அதுதான். கையில் பணம் குறைவாக இருந்தால் மரச்சட்டமும் தகரக் கூரையுமாகச் சின்னதாகக் கட்டுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மரவீட்டின் உயிர் அதன் கால்களில் இருக்கிறது. வருடம் ஒருமுறை மழைக்கு முன் ஒவ்வொரு காலின் அடியிலும் திருப்புளியால் குத்திப் பாருங்கள். திருப்புளி உள்ளே போனால் கரையான் முன்னமே போயிருக்கிறது. கால்களை அஸ்திவாரத்தோடு இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீடு முழுசாகவே நழுவி உட்காரும்.

வீட்டுக்குள்

நல்ல வீட்டிலும் அடிபடுவது பீரோவால். பீரோவின் தலையை இரண்டு எல் பட்டையால் சுவரோடு திருகி வையுங்கள், நூறு, இருநூறு ரூபாய் வேலை. தொட்டில், கட்டில் தலைமாட்டில் சாமி படம், டிவி, கண்ணாடி எதுவும் வேண்டாம். கேஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன் என்பதை மறக்க வேண்டாம். நடு வீட்டுச் சுவர்மேல் அல்லாமல் நாலு செங்கல்மேல் அதை ஏற்றி வைத்திருப்பவர்கள் இன்றே இறக்குங்கள். படுக்கைக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பும் ஒரு டார்ச்சும் இருக்கட்டும். இருட்டில் வெறுங்காலோடு உடைந்த கண்ணாடி மிதித்தவர் மேட்டுக்கு ஓட முடியாது.

மற்ற ஊர்க் கையேடுகள் மூன்று நாளுக்குச் சாப்பாடு சேர்த்து வைக்கச் சொல்கின்றன. நமக்கு அது போதாது. சென்னையிலிருந்து கப்பல் வர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும், அதுவும் ஜெட்டி நன்றாக இருந்தால். 2004-ல் ஜெட்டிகளே உடைந்தன. இரண்டு வாரத்துக்கு அரிசி, பருப்பு, உப்பு, அவல், குழந்தைக்குப் பால்பவுடர், மாத்திரைகள் வீட்டில் இருப்பில் சுழன்றுகொண்டே இருக்கட்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் மருத்துவரிடம் பேசி முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

தனியாக ஒரு தோள்பை. ரேஷன் கார்டு, ஆதார், ஐலேண்டர் கார்டு, நிலப் பத்திரம் ஆகியவற்றின் நகல் பாலிதீன் உறையில், கொஞ்சம் சில்லறை நோட்டு, விசில், தண்ணீர், ரேடியோ. வீட்டில் ஓடக்கூடிய வயதில் இருப்பவர் அதைத் தூக்கலாம் என்று வையுங்கள். வயதானவரை யார் தூக்குவது என்பதையும் அதே சமயத்தில் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் ஆச்சிக்குப் பிளாஸ்டிக் நாற்காலி, தூக்க இரண்டு பேர். ஒத்திகை பார்த்தபோது வாசல் கேட் உள்பக்கம் திறப்பதால் நாற்காலி மாட்டிக்கொண்டது. மறுநாளே கேட்டைத் திருப்பிப் போட்டோம்.

ஆடும்போதும், ஆடி நின்ற பிறகும்

ஆடும்போது உறுதியான மேஜைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேஜை இல்லையென்றால் உள்சுவரோரம் குனிந்து தலையைக் கையால் மூடுங்கள். நிலைப்படியில் நின்றால் தப்பலாம் என்பது பழைய மண்வீட்டுக் காலத்து எண்ணம். மாடிப்படியில் ஓடுவது அதைவிட மோசம். வாசலுக்கு நாலே எட்டு இருந்து வெளியே வெட்டவெளியும் இருந்தால் மட்டும் வெளியேறலாம். எண்ணுவதை நிறுத்தாதீர்கள்.

நின்றதும் கேஸை மூடுங்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள், பையை எடுங்கள், ஏறுங்கள். கடல்மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் உயரம் என்று இலக்கு வைத்துக்கொள்ளுங்கள். போர்ட் பிளேரில் அது பெரும்பாலும் சில நிமிட நடைதான். ஜங்லிகாட், சிப்பிகாட் போன்ற தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் எந்தச் சந்து மேட்டுக்குப் போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நடந்து பாருங்கள். கையில் கடிகாரம் வைத்துப் பாருங்கள். வண்டியை எடுக்காதீர்கள், குறுகிய சாலையில் பத்து ஆட்டோ போதும் எல்லாரையும் அடைக்க. கார் நிக்கோபார் போன்ற தட்டைத் தீவில் உள்நாட்டுப் பக்கம் எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவும் ஓடுங்கள். கடல் பின்வாங்கினால் மீன் பொறுக்கப் போகக் கூடாது. அதே சமயம் கடல் பின்வாங்கவில்லையே என்றும் நிற்கக் கூடாது. சில இடங்களில் முதலில் ஏறித்தான் வரும்.

ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் இந்திய சுனாமி எச்சரிக்கை மையம் சில நிமிடங்களிலேயே அளவைக் கணித்துச் செய்தி அனுப்புகிறது. சென்னைக்கு அது பெரிய வரம். 2004-ல் அலை அங்கே போய்ச்சேர இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. நமக்கு அந்த அவகாசம் கிடையாது. மேட்டில் நின்றுகொண்டு அந்த அறிவிப்பைக் கேளுங்கள்.

2009 ஆகஸ்ட் 11 நள்ளிரவு கடந்து வட அந்தமான் பக்கம் 7.5 வந்தது. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6. இரண்டுமே சென்னைவரை உணரப்பட்டன, இரண்டிலும் பெரிய அலை வரவில்லை. 2012-ல் கடலடித் தரை மேலெழாமல் பக்கவாட்டில் நகர்ந்ததுதான் காரணம். பக்கவாட்டா, மேலேயா என்று காலடியில் நின்று யாராலும் சொல்ல முடியாது. அன்று ஏறியவர்கள் வீணாக ஏறியதாக நினைக்க வேண்டாம், சரியாகத்தான் ஏறினார்கள்.

முதல் அலை போனதும் இறங்கிவிடாதீர்கள். இரண்டாவதும் மூன்றாவதும் பெரிதாக இருக்கலாம், பல மணி நேரம் தொடரலாம். நிர்வாகம் சொன்ன பிறகே இறங்குங்கள். போனில் பேசி நெரிசலைக் கூட்டாமல் ஊருக்கு ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். யாருக்கு அனுப்புவது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அவர் மற்ற உறவினர்களுக்குச் சொல்லட்டும்.

வீட்டுக்குத் திரும்பியதும் விளக்கைப் போடும் முன் ஜன்னல்களைத் திறந்து கேஸ் வாசனை பாருங்கள். பூச்சில் மயிரிழை விரிசல் பரவாயில்லை. தூணில் குறுக்காகவோ பெருக்கல் குறி போலவோ பிளந்திருந்தால், கம்பி தெரிந்தால், அந்த வீட்டில் படுக்க வேண்டாம். பின்னதிர்வுகள் வாரக்கணக்கில் வரும். கிணற்றுக்குள் கடல்நீர் புகுந்திருந்தால் மோட்டார் போட்டு விடாமல் இறைக்கத் தோன்றும். அப்படி இறைத்தால் அடியிலிருந்து மேலும் உப்புநீர் ஏறும். மேலாகக் குப்பையும் சேறும் அள்ளிவிட்டு, லேசாக ஒருமுறை இறைத்து, மழைக்கு விட்டுவிடுங்கள். அதுவரை குடிக்கக் கூரைத் தகரத்தில் விழும் மழைநீரைப் பிடியுங்கள். முதல் மழையில் வரும் அழுக்கை வெளியே விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருவதை மூடியுள்ள டிரம்மில் சேருங்கள், காய்ச்சிக் குடியுங்கள்.